மதுரைக் குன்றுகளின் சமணச் சின்னங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளுக்கு நண்பர்களையும் வெளியூர் விருந்தினர்களையும் அழைத்துச் செல்லும்போது, ஏறும் வழியிலும் இறங்கும் வழியிலும் ஏறக்குறைய ஒரே ஐயங்கள்தாம் எழுகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே எழுதி, விடைகளையும் இங்கே தொகுத்திருக்கிறேன். முதலில் எளியவையும் போகப் போகச் சிக்கலானவையும் வருகின்றன.

மதுரை என்றால் மீனாட்சியம்மன் கோயில்தான் தெரியும். குன்றுகளில் அப்படி என்ன இருக்கிறது?

மதுரையிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்துக்குள் யானைமலை, சமணர் மலை, திருப்பரங்குன்றம், அழகர்மலை, மாங்குளம், அரிட்டாபட்டி, கீழவளவு, கருங்காலக்குடி, முத்துப்பட்டி, கொங்கர் புளியங்குளம் எனப் பத்துக்கும் மேற்பட்ட இடங்களில் பழைய சமணத் துறவியர் தங்கிய குகைத்தளங்கள் உள்ளன. பாறையில் வழவழப்பாகச் செதுக்கிய கற்படுக்கைகள், மழைநீர் உள்ளே வடியாதபடி குகையின் நெற்றியில் வெட்டிய காடி, அதை ஒட்டித் தமிழி (தமிழ்-பிராமி) என்னும் பழைய எழுத்தில் பொறித்த கல்வெட்டு ஆகிய மூன்றும் சேர்ந்து இருந்தால் அது அத்தகைய இடம் என்று கொள்ளலாம். குகை வாயிலின் முன்பாறையில் சிறு குழிகளும் தென்படும். அவை கூரை வேய்வதற்குக் கால் நட்ட குழிகள்.

சமண மரபு மதுரையின் எட்டு மலைகளை எண்பெருங்குன்றம் என்று போற்றியது. பரங்குன்றமும் ஆனைமலையும் அப்பட்டியலில் இருப்பதில் ஐயமில்லை. பட்டியலில் வரும் வேறு சில பெயர்கள் எந்த மலைகளைக் குறிக்கின்றன என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு.

ஊரில் "பஞ்சபாண்டவர் படுக்கை" என்கிறார்களே, பாண்டவர்கள் இங்கே வந்தார்களா?

இல்லை. படுக்கைகளைச் செய்தவர்கள் யார், யாருக்காகச் செய்தார்கள் என்பது மறந்துபோன பிறகு, வனவாசம் போன பாண்டவர் கதையை மக்கள் அவற்றோடு இணைத்துக்கொண்டார்கள். வரிசையாகப் படுக்கைகளைக் காணும் கண்ணுக்கு அது இயல்பாகவே தோன்றும். ஆயினும் வழி கேட்கும்போது நீங்கள் அந்தப் பெயரையே சொல்லுங்கள். "சமணக் குகைத்தளம் எங்கே?" என்று கேட்டால் விழிப்பவர், "பஞ்சபாண்டவர் மலை எங்கே?" என்றால் கூடவே நடந்து வந்து காட்டுவார்.

படுக்கைகளும் சிற்பங்களும் ஒரே காலத்தவைதானே?

இது மிகப் பரவலான பிழை. படுக்கைகளும் தமிழிக் கல்வெட்டுகளும் கி.மு. இறுதி நூற்றாண்டுகளிலும் கி.பி. தொடக்க நூற்றாண்டுகளிலும் உருவானவை. சமணர் வணங்கும் அருளாளர்களான தீர்த்தங்கரர்களின் புடைப்புச் சிற்பங்களோ பெரும்பாலும் கி.பி. 9, 10ஆம் நூற்றாண்டுகளுக்கு உரியவை. அவற்றின் கீழே இருப்பது வட்டெழுத்து என்னும் பிற்காலத் தமிழ் எழுத்து. ஒரே பாறையில் நான்கு முழ இடைவெளியில் இவ்விரண்டையும் பார்க்கும்போது, நடுவில் ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகள் கிடக்கின்றன என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பாருங்கள். முதற்காலத்துத் துறவியர் உருவம் ஏதும் செதுக்கவில்லை. இருக்க இடமும் படுக்கக் கல்லும் அவர்களுக்குப் போதுமாயிருந்தன.

என்னிடம் ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. எங்கே போவது?

காலையில் கீழக்குயில்குடி சமணர் மலை, மாலையில் யானைமலை. சமணர் மலையின் அடிவாரத்தில் தாமரைக் குளமும் அய்யனார் கோயிலும் உள்ளன. ஒருபுறம் செட்டிப்புடவு இருக்கிறது. புடவு என்றால் குகை. அதன் வெளியே அமர்ந்த கோலத்தில் பெரிய தீர்த்தங்கரர் உருவம் உள்ளது. குனிந்து உள்ளே சென்று அண்ணாந்து பார்த்தால், வளைந்த பாறையில் ஐந்து சிற்பங்கள் வரிசையாகத் தெரியும். அவற்றுள் சிங்கத்தின் மேலமர்ந்து, யானைமேல் வரும் வீரனை எதிர்த்துப் போரிடும் இயக்கியின் (சமணப் பெண் காவல்தெய்வத்தின்) உருவத்தைத் தவறவிடாதீர்கள். அமைதியே உருவான தீர்த்தங்கரர்களுக்குப் பக்கத்தில் அவ்வளவு வேகத்தைச் செதுக்கிய சிற்பியின் துணிவு எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்பளிக்கிறது.

மலையின் மறுபுறம் படியேறினால் பேச்சிப்பள்ளம். அங்கே எட்டுச் சிற்பங்கள் ஒரே வரிசையில், செய்வித்தவர்களின் பெயர்களைக் கூறும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளுடன் உள்ளன. இன்னும் மேலே ஏறினால் மாதேவிப் பெரும்பள்ளி என்னும் கட்டடத்தின் அடித்தளம் மட்டும் எஞ்சியிருக்கிறது. மாலையில் யானைமலையின் அடிவாரத்தில் இருக்கும் நரசிங்கப் பெருமாள் குடைவரைக்கு வந்துவிடுங்கள். பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன் காரி கி.பி. 770இல் எடுப்பித்த கோயில் அது. அவர் பணி முடியுமுன் இறந்துவிட, தம்பி மாறன் எயினன் முடித்து வைத்தார் என்பதை அங்குள்ள கல்வெட்டே சொல்கிறது.

இரண்டாம் நாள் கிடைத்தால் மேலூர்ச் சாலையில் அரிட்டாபட்டியையும் மாங்குளத்தையும் பாருங்கள்.

எந்த மாதம், எந்த நேரம் நல்லது?

மார்கழி, தை மாதங்கள் சிறந்தவை. மழைக்காலம் முடிந்த கையோடு போனால் சுனைகளும் கண்மாய்களும் நிறைந்திருக்கும். சித்திரை, வைகாசியில் காலை ஒன்பது மணிக்கே பாறை சுடத் தொடங்கிவிடும். பெரும்பாலான குன்றுகளில் ஏறும் வழி முழுவதும் மரநிழல் கிடையாது. ஆகவே விடியும்போது அடிவாரத்தில் இருப்பது நல்லது. மழை பெய்து நனைந்த பாறை வழுக்கும் என்பதால் அன்று ஏற வேண்டாம்.

நேரம் பற்றி இன்னொரு காரணமும் உண்டு. எழுத்துகள் ஆழமற்றவை. உச்சி வெயிலில் பாறை முழுவதும் ஒரே வெளிச்சமாக இருப்பதால் அவை கண்ணுக்குத் தெரிவதில்லை. காலையிலும் மாலையிலும் வெயில் சாய்ந்து விழும்போது ஒவ்வொரு கீறலின் ஓரத்திலும் நிழல் நின்று எழுத்து துலங்கும்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. அவரையும் அழைத்து வரலாமா?

செட்டிப்புடவு வரையிலும், யானைமலை நரசிங்கப் பெருமாள் கோயில் வரையிலும் நிதானமாக வரலாம். பேச்சிப்பள்ளத்துக்குப் பாறையில் வெட்டிய படிகளில் ஏறவேண்டும். மாங்குளமும் யானைமலையின் உச்சிக் குகைத்தளமும் நல்ல உடல்வலு உள்ளவர்களுக்கே உரியவை. வயதானவர்கள் அடிவார ஆலமர நிழலில் அமர்ந்திருப்பதே ஓர் இனிய அனுபவம்தான். அவர்களை வற்புறுத்தி மேலே இழுத்துச் செல்ல வேண்டாம்.

கட்டணம், அனுமதிச் சீட்டு ஏதும் உண்டா?

குன்றுகளைப் பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. கடைகளும் இல்லை. தண்ணீரும் உணவும் கொண்டு சென்று, குப்பையைத் திருப்பிக் கொண்டுவாருங்கள்.

எனக்குத் தமிழ் நன்றாக வரும். அந்தக் கல்வெட்டில் ஓர் எழுத்துகூடப் புரியவில்லையே, ஏன்?

மொழி தமிழ்தான், எழுத்து வேறு. இன்றைய தமிழ் எழுத்துகள் பல நூற்றாண்டு மாற்றங்களுக்குப் பின் வந்தவை. தமிழியில் 'க' என்பது கூட்டல் குறி. 'ர' ஒரு செங்குத்துக் கோடு. 'ந' ஒரு கிடைக்கோட்டின் மேல் நிற்கும் செங்கோடு. 'வ' தலையில் குச்சி செருகிய வட்டம். இந்த நான்கை மட்டும் மனத்தில் பதித்துக்கொண்டு போனால்கூட, பாறையில் அவற்றை நீங்களே கண்டுபிடிக்கும் மகிழ்ச்சி கிடைக்கும். தமிழுக்கே உரிய ழ, ள, ற, ன ஆகியவற்றுக்குத் தனி எழுத்துகளை அன்றே வகுத்திருந்தார்கள்.

படிப்பதில் இன்னொரு தடையும் உள்ளது. மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கும் வழக்கம் அக்காலத்தில் இல்லை. குறில், நெடில் குறிகளும் நாம் எதிர்பார்க்கும்படி இருப்பதில்லை. பள்ளி என்னும் சொல் 'பளிஇ' என்றும், மதுரை என்பது 'மதிரை' என்றும் எழுதப்பட்டிருக்கும். கற்றறிந்தவர்களுக்கே நெடுங்காலம் பிடிபடாத எழுத்து இது. மாங்குளம் கல்வெட்டை ராபர்ட் சீவெல் 1882இல் கண்டறிந்தார். இவை தமிழே என்று கே. வி. சுப்பிரமணிய அய்யர் 1924இல் எடுத்துக்காட்டினார். அதன்பிறகு நாற்பது ஆண்டுகள் கழித்தே ஐராவதம் மகாதேவன் அதில் பாண்டியன் பெயர் இருப்பதை அடையாளம் கண்டார்.

எழுத்து தெளிவாகத் தெரிய சுண்ணக்கட்டியால் தீட்டலாமா? தண்ணீராவது தெளிக்கலாமா?

இரண்டும் வேண்டாம். சுண்ணக்கட்டியால் தீட்டுபவர் தாம் ஊகித்த வடிவத்தையே தீட்டுகிறார். அடுத்து வருபவர் கல்வெட்டைப் பார்க்காமல் அந்த ஊகத்தைப் பார்க்கிறார். பாறையின் இயல்பான வெடிப்பு எழுத்தின் காலாகவும், எழுத்தின் கால் வெடிப்பாகவும் மாறிவிடுகின்றன. மேலும், தேய்ந்த கல்லின் மேல் தொடர்ந்து உரசுவது அதை இன்னும் தேய்க்கிறது. தண்ணீர் பட்ட இடத்தில் பாசி பிடிக்கும்.

முன்பு சொன்ன சாய்வெயில் நேரத்தில் போங்கள். அது இயலாவிட்டால், கைவிளக்கைப் பாறையை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்து ஒளியைச் சாய்வாகப் பாய்ச்சுங்கள். எழுத்துகள் தாமே எழுந்து நிற்கும்.

அந்தக் கல்வெட்டுகளில் என்னதான் எழுதியிருக்கிறது?

இன்னார் இன்னாருக்கு இந்தப் பள்ளியை, அதாவது துறவியர் உறைவிடத்தை, செய்து கொடுத்தார் என்பதே பெரும்பாலும் செய்தி. ஆனால் அந்த ஒற்றை வரிக்குள் ஒரு சமூகமே அடங்கியிருக்கிறது. மாங்குளத்தில் கணி நந்தாசிரியன் என்னும் துறவிக்கு, நெடுஞ்செழியனின் பணியாளான கடலன் வழுதி பள்ளி வெட்டுவித்ததாக ஒரு கல்வெட்டு கூறுகிறது. இன்னொன்றில் அதே அரசனின் சாலகன், அதாவது மனைவியின் உடன்பிறந்தான், இளஞ்சடிகனின் தந்தை வருகிறார். வெள்ளறை நிகமத்தோர் என்னும் வணிகக் குழுவினரும் வருகிறார்கள். இவை கி.மு. 2ஆம் நூற்றாண்டை ஒட்டியவை என்பது பலரும் ஏற்கும் கருத்து. அதற்கும் முற்பட்டவை என்போரும் உளர். அதே மலையடியில் தமிழகத் தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில் செங்கல் கட்டடத்தின் எச்சமும் கூரை ஓடுகளும் கிடைத்தன.

எனக்கு மிகவும் பிடித்தவை அழகர்மலைக் கல்வெட்டுகள். இந்தக் குகைத்தளத்துக்கு அழகர்கோயில் வழியாகப் போகக் கூடாது, கிடாரிப்பட்டி வழியாகவே போகவேண்டும். அங்கே மதுரையின் கடைத்தெருவே பாறையில் வரிசை கட்டி நிற்கிறது: உப்பு வணிகன், அறுவை வணிகன், கொழு வணிகன், பாணித வணிகன், பொன்கொல்லன். அறுவை என்றால் துணி, கொழு என்றால் ஏர்முனை இரும்பு, பாணிதம் என்றால் வெல்லப்பாகு. அரசர்களின் பெயர்களை இலக்கியமும் காத்துத் தரும். உப்பு விற்றவர் தம் வருவாயில் ஒரு பங்கைத் துறவிகளின் படுக்கைக்குக் கொடுத்தார் என்பதையோ இந்தப் பாறை மட்டுமே காத்து வைத்திருக்கிறது.

தொலைவிலிருந்து வந்தவர்களும் உண்டு. திருப்பரங்குன்றத்தில் ஈழக்குடும்பிகன் (ஈழத்து இல்லறத்தான்) ஒருவனும், முத்துப்பட்டியில் முசிறியைச் சேர்ந்த கோடனும் பெயர் பொறித்திருக்கிறார்கள். கீழவளவில் கொடை கொடுத்தவர் தொண்டியைச் சார்ந்தவர். ஈழமும் மேலைக்கடல் துறையும் கீழைக்கடல் துறையும் மதுரையின் பாறைகளில் சந்திக்கின்றன.

மாங்குளத்து நெடுஞ்செழியன்தான் கண்ணகிக்கு நீதி தவறி உயிர்விட்ட பாண்டியனா?

அப்படிச் சொல்வதற்கு இடமில்லை. நெடுஞ்செழியன் என்ற பெயரைப் பாண்டியர் பலர் தாங்கியிருக்கிறார்கள். சங்கப் பாடல்களிலேயே ஆரியப்படை கடந்தவனும் தலையாலங்கானத்துச் செருவென்றவனும் வேறுவேறு ஆட்கள். பெயர் ஒன்றாக இருப்பதால் ஆளும் ஒருவனே என்று முடிவு கட்டக்கூடாது. பாண்டிய மரபில் இப்பெயர் அத்தனை பழமையானது என்பதற்கே இக்கல்வெட்டு சான்று. அதுவே போதிய பெருமையுடைய செய்திதான்.

கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் சிலை புத்தர்தானே?

இக்குன்றுகளில் நீங்கள் காண்பவர்கள் தீர்த்தங்கரர்கள். தலைக்கு மேல் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று குடைகள் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். அந்த முக்குடை அருகனின், அதாவது தீர்த்தங்கரரின், அடையாளம். உடலில் ஆடை இராது, இருபுறமும் கவரி வீசுவோர் இருப்பர். தலைமேல் படம் விரித்த பாம்பு இருந்தால் பார்சுவநாதர். நின்ற கோலத்தில் காலைச் சுற்றிக் கொடி படர்ந்து, இரு பக்கமும் பெண்கள் நின்றால் பாகுபலி. அசையாமல் நின்று தவம் செய்தவர் மேல் கொடி ஏற, அவருடைய தங்கையர் வந்து நிற்கும் காட்சி அது. பேச்சிப்பள்ளத்து வரிசையில் இதைப் பார்க்கலாம்.

"அச்சணந்தி" என்று எல்லா இடத்திலும் சொல்கிறீர்களே, அவர் யார்?

கி.பி. 9ஆம் நூற்றாண்டையொட்டி வாழ்ந்த சமண முனிவர். யானைமலை, அழகர்மலை, சமணர் மலை எனப் பல குன்றுகளில் திருமேனிகளைச் செய்வித்தவர் என்று வட்டெழுத்துக் கல்வெட்டுகள் அவரைக் குறிக்கின்றன. கைவிடப்பட்டுக் கிடந்த பழைய குகைத்தளங்களுக்கு மீண்டும் உயிர் கொடுத்தவர் அவரே என்பது என் எண்ணம்.

பேச்சிப்பள்ளத்தில் உள்ள ஒரு திருமேனியைச் செய்வித்தவர் அச்சணந்தியின் தாயார் குணமதி. மகன் துறந்து போனான். தாய் அவன் வழியிலேயே ஒரு திருமேனி எடுப்பித்துத் தன் பெயரோடு மகன் பெயரையும் கல்லில் ஏற்றினாள். அந்த எழுத்தின் முன் நிற்கும்போது பலரும் பேச்சை நிறுத்திவிடுவதைக் கண்டிருக்கிறேன்.

இதெல்லாம் சமணமே இல்லை, ஆசீவகம் என்று ஒரு காணொளியில் பார்த்தேனே?

பழைய தமிழிக் கல்வெட்டுகளில் பெரும்பாலானவை எந்தச் சமயத்தின் பெயரையும் நேராகச் சொல்வதில்லை என்பது உண்மை. சமணத்தைப் போலவே பழமையான வேறொரு துறவுச் சமயமான ஆசீவகத்தைச் சேர்ந்தவர்களும் தமிழகத்தில் இருந்தார்கள். ஆனால் சொல்லும் இடங்களில் என்ன சொல்கின்றன என்று பார்க்கவேண்டும். வைகைக் கரையை ஒட்டிய மேட்டுப்பட்டிச் சித்தர்மலையில் 'அமணன்' (சமணன்) என்றே ஒருவர் குறிக்கப்படுகிறார். பின்வந்த சமணர்கள், மூன்றாம் விடையில் சொன்ன அந்த ஆயிரம் ஆண்டு இடைவெளிக்குப் பிறகும், இதே குகைத்தளங்களைத் தேடிவந்து தம் திருவுருவங்களைச் செதுக்கினார்கள். இவ்விரண்டையும் விளக்காமல் 'சமணமே இல்லை' என்று அடித்துச் சொல்வது ஆய்வாகாது.

ஞானசம்பந்தர் காலத்தில் எண்ணாயிரம் சமணரைக் கழுவேற்றினார்கள் என்றால், பிறகு இந்தச் சிற்பங்களைச் செய்தது யார்?

மிகச் சரியான கேள்வி. சம்பந்தர் வாழ்ந்தது 7ஆம் நூற்றாண்டு. யானைமலை முதலிய இடங்களில் சமணர் வாழ்ந்ததை அவருடைய மதுரைப் பதிகமே, 'ஆனைமாமலை ஆதியாய இடங்களில்' என்று குறிக்கிறது. கழுவேற்றக் கதையை விரித்துரைப்பது 12ஆம் நூற்றாண்டுப் பெரியபுராணம். இடைப்பட்ட 9, 10ஆம் நூற்றாண்டுகளிலோ, இந்தக் குன்றுகள் முழுவதும் புதிய சமணத் திருவுருவங்கள் எழுகின்றன. குரண்டி என்னும் ஊரின் பள்ளியைச் சேர்ந்த ஆசிரியர்களும் மாணாக்கர்களும் செய்வித்தவர்களாகப் பெயர் பொறிக்கிறார்கள். மாதேவிப் பெரும்பள்ளி பாண்டிய அரசியின் பெயரால் அமைந்தது என்று கருதப்படுகிறது.

சைவ, சமணப் பூசல் கடுமையாக இருந்தது, சமணம் அரச ஆதரவை இழந்தது என்பவற்றை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் மதுரையில் சமணம் ஒரே நாளில் பூண்டோடு அழிந்தது என்ற கூற்றுக்கு இந்தப் பாறைகள் இடங்கொடுக்கவில்லை. எண்ணாயிரம் என்ற தொகையை வரலாற்றுக் கணக்காகக் கொள்வதைவிட, பிற்காலம் அப்பூசலை எவ்வாறு நினைவில் கொண்டது என்பதற்கான சான்றாகக் கொள்வதே பொருந்தும்.

சமணர் மலை என்கிறீர்கள், அங்கே அய்யனாரும் கருப்பசாமியும் இருக்கிறார்கள். செருப்பைக் கழற்ற வேண்டுமா?

கழற்றுங்கள். ஊரார் எங்கே கழற்றுகிறார்களோ அங்கே நாமும் கழற்றுவதுதான் முறை. இந்தக் குன்றுகள் பல ஊர்களுக்கு இன்றும் சாமிமலைகள். சிலவற்றில் தீர்த்தங்கரர் சிலையே ஊர்த்தெய்வமாக எண்ணெயும் மாலையும் ஏற்கிறது. ஒரு குன்றில் பல சமயங்கள் அடுத்தடுத்து வந்து தங்கியிருக்கின்றன. அரிட்டாபட்டியில் தமிழிக் கல்வெட்டும் அச்சணந்தி காலத்துத் திருவுருவமும் உள்ள அதே கழிஞ்சமலையின் இன்னொரு பக்கத்தில் முற்காலப் பாண்டியர் குடைவித்த சிவன் கோயில் இருக்கிறது. அதன் முகப்பில் ஒருபுறம் பிள்ளையார், மறுபுறம் தமிழகத்தில் அரிதாகக் காணப்படும், பாசுபத சைவத்தின் குருவான இலகுலீசர்.

அடிவாரத்தில் பெரியவர் யாரேனும் அமர்ந்திருந்தால், "மேலே போய்ப் பார்த்துவிட்டு வருகிறோம் ஐயா" என்று ஒரு சொல் சொல்லிவிட்டு ஏறுங்கள். எந்தப் பாறையில் தேன்கூடு இருக்கிறது, எந்தச் சுனையில் ஆழம் அதிகம் என்பது அவருக்குத்தான் தெரியும்.

அரிட்டாபட்டியில் சுரங்கம் வரப்போகிறது என்றார்களே, இப்போது போய்ப் பார்க்க முடியுமா?

முடியும். அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஆகிய ஊர்களைச் சேர்ந்த 193.215 ஹெக்டேர் நிலம், 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. வல்லூறு போன்ற வேட்டைப் பறவைகள் அங்கே பாறைகளில் கூடு கட்டுகின்றன. 2024 நவம்பரில் அப்பகுதியை உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏல முடிவு வெளியானபோது மேலூர் வட்டார மக்கள் பெருந்திரளாக எதிர்த்தார்கள். 2025 சனவரியில் ஒன்றிய அரசு அந்த ஏலத்தைக் கைவிட்டது. அந்த மலைகள் இன்று அங்கேயே நிற்பதற்கு அவ்வூர் மக்களுக்கே நன்றி சொல்லவேண்டும். கீழவளவுப் பக்கம் போனால் கிரானைட்டுக்காக வெட்டுண்டு பள்ளமாகக் கிடக்கும் பாறைகளைப் பார்ப்பீர்கள். இழப்பு எப்படி இருக்கும் என்பதை அவை காட்டும்.

பாறையில் யாராவது பெயர் கிறுக்குவதைப் பார்த்தால் என்ன செய்வது?

முதலில் நயமாகச் சொல்லுங்கள். கற்படுக்கையில் தம் பெயரைக் கொத்தும் இளைஞர்களில் பலருக்கு அது இரண்டாயிரம் ஆண்டுப் பழமையானது என்பதே தெரியாது. எழுதியிருப்பதைப் படித்துக் காட்டினால், கையிலிருந்த ஆணியைக் கீழே போட்டுவிட்டுக் கேட்கத் தொடங்குகிறார்கள். மதுரையில் மாதந்தோறும் கூடி நடக்கும் பசுமை நடை குழுவினருடன் ஒருமுறை போய்வந்தால், அப்படிப் படித்துக் காட்டும் அளவுக்கு நீங்களும் தேறிவிடலாம்.

கேட்காதவர்களுக்குச் சட்டம் இருக்கிறது. இச்சின்னங்களில் சில இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பிலும் சில மாநிலத் தொல்லியல் துறையின் பாதுகாப்பிலும் உள்ளன. மத்தியப் பாதுகாப்புச் சின்னங்களைச் சிதைப்பவருக்கு, 2010 திருத்தத்தின்படி இரண்டாண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை தண்டமோ இரண்டுமோ விதிக்கலாம். அறிவிப்புப் பலகையில் எந்தத் துறையின் பெயர் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு, சேதத்தை ஒளிப்படம் எடுத்து, நாளும் இடமும் குறித்து அந்தத் துறையின் மதுரை அலுவலகத்துக்கு எழுதுங்கள். படம் எடுக்கும்போது அருகில் ஓர் அளவுகோலையோ பேனாவையோ வைத்து எடுத்தால், அடுத்த முறை போகும்போது சேதம் வளர்ந்திருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.